ஒடுக்கு விழாத கேடயம்

அந்த மலைத்தொடர் மூச்சு விடும். அங்கே பிறந்து வளர்ந்தவர்களிடம் இதை வியப்போடு சொன்னால், அதற்கென்ன இப்போது என்பது போல் பார்ப்பார்கள். காலையில் மலை மூச்சை வெளியே விட்டுச் சுருங்கும். பாறை இடுக்குகள் ஆள் நுழையும் அளவுக்கு அகலும். மாலையில் மூச்சை உள்ளிழுத்து உப்பும். காலையில் நடந்து கடந்த இடுக்கில் அப்போது கையைக்கூட விட முடியாது. வீட்டுக் கதவுகள் அந்தியில் தாமாகவே இறுகிக்கொள்ளும் என்பதால் தாழ்ப்பாள் என்ற பொருளை அம்மக்கள் கண்டுபிடிக்கவே இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மலை நீளமான பெருமூச்சு ஒன்றை விடும். அப்போது இரு சரிவுகளுக்கும் நடுவே உள்ள பெரும்பிளவு சில நாட்கள் திறந்து கிடக்கும். அந்த நாட்களில்தான் போர்.

எதற்காகப் போர் என்று கேட்டால் இரு சரிவுக்காரர்களும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: அவர்கள்தான் ஆரம்பித்தார்கள். அதற்கு மேல் காரணம் தேடுவதை இரு தரப்பும் நாகரிகக் குறைவாகக் கருதின. போரில் எலும்பு முறியும், பல் போகும், மூக்கு திசை மாறும். உயிர் போனால் மட்டும் போக்கியவனுக்கு அவமானம். நிறுத்தத் தெரியாத கை என்று சொல்லி அடுத்த ஆண்டு அவனைக் கிழங்கு உரிக்க அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவு ஒழுங்காக நடந்துவந்த போர் இந்த ஆண்டு நடக்காது போலிருந்தது. அதனால் மற்றெல்லாரையும்விட அதிகமாகக் கலங்கியவள், ஊரார் கண்ணாடி என்று அழைத்த பெண்.

அது பெற்றோர் வைத்த பெயரன்று. இருபத்துநான்கு வயதாகியும் அவளுடைய கேடயத்தில் ஓர் ஒடுக்குகூட விழவில்லை. அணியிலிருந்த பெண்கள் தலை வாரும்போது அவளிடம்தான் கேடயத்தை இரவல் கேட்டார்கள். அதில் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அவளுடைய முதல் போரின்போது பொன்னுக்குவீங்கி வந்து கன்னம் உப்பிப் படுத்திருந்தாள். அடுத்த போரில் முன்வரிசையில்தான் நின்றாள். இடப்பக்கம் நின்றவளுக்கும் வலப்பக்கம் நின்றவனுக்கும் அடி விழுந்தது, நடுவில் அவளை மட்டும் யாருமே கவனிக்கவில்லை. கடந்த ஆண்டு மலைக்குச் சளி. பிளவு திறக்கவே இல்லை.

ஒடுக்கு இல்லாத கேடயத்தைச் சுவரில் மாட்டக் கூடாது. கேடயம் மாட்டாத வீடு வீடாகாது. வீடில்லாமல் கல்யாணம் இல்லை. அந்த ஒடுக்கும் எப்படியோ விழுந்ததாக இருக்கக் கூடாது: எதிரியின் கையால் விழ வேண்டும், உண்மையான கோபத்தோடு விழ வேண்டும், விழும்போது கேடயம் அதற்கு உரியவரின் கையில் இருக்க வேண்டும். அப்படி முதல் ஒடுக்கைத் தந்த எதிரி அன்று முதல் அவருக்கு ஒடுக்கண்ணன். பெண்ணாக இருந்தால் ஒடுக்கக்கா. கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து குறை சொல்லும் உரிமை அவருக்கு உண்டு.

கண்ணாடி மணக்க இருந்தவன் கயிறு திரிப்பவன். இரண்டு ஒடுக்குகள் விழுந்த கேடயத்தோடு அவன் காத்திருந்தான். பிளவு மூடியதும், மணமாகாதவர்களில் முறை வந்தவர்கள் உச்சிக்காவலுக்கு ஏற வேண்டும்; ஏறினால் மூன்று ஆண்டுகளுக்கு இறங்க வழியில்லை. இந்த ஆண்டு முறை கயிற்றுக்காரனுடையது.

பிளவின் நடுவே மேசை போல் தட்டையாகக் கிடந்த பாறைதான் போர்க்களம். விடிந்ததிலிருந்து அதன் ஒரு பாதியில் இவர்கள் அணிவகுத்து நின்றார்கள். மறுபாதியில் காற்று மட்டும் நின்றது.

“என்னடி, இன்னிக்காவது கண்ணாடி உடையுமா?” என்றாள் பக்கத்தில் நின்ற ஈட்டிக்காரி.

“உடைக்க ஆளு வரணும்ல.”

“வந்திருப்பாங்க. உன் கேடயம் கண்ணு கூசுதுன்னு திரும்பிப் போயிருப்பாங்க.”

கண்ணாடி வரிசையை விட்டு முன்னால் போய்த் தளபதியின் பக்கத்தில் நின்றாள். தளபதி அவளுடைய பெரியம்மா.

“பெரியம்மா, வழக்கமா வெயில் வரதுக்கு முன்னாடியே வந்துடுவாங்களே.”

“களத்துல பெரியம்மா கிடையாது. தளபதி.”

“தளபதி பெரியம்மா, ஒரு ஆள அனுப்பிப் பாக்கலாமா?”

தளபதி எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரி தாமதித்தால் அது அவமதிப்பு. அதற்கு உரிய வசைகள் தயாராக இருந்தன. எதிரி வராமலே இருந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைத்ததில்லை. எதிர்ச்சரிவின் தலைவர்தான் தளபதிக்கு ஒடுக்கண்ணன். “அந்த மனுசன் பொண்டாட்டிக்குப் பிரசவ வலி வந்தப்பவே நேரத்துக்கு வந்து நின்னவரு,” என்று முணுமுணுத்தார். “ஏதோ சரியில்ல. எல்லாரும் நடங்க.”

எதிர்ச்சரிவின் ஊருக்குள் அவர்கள் நுழைந்தபோது யாரும் கொம்பு ஊதவில்லை. தெருவில் இருந்தவர்கள் தலை முதல் கால் வரை வெள்ளைத் தூசி படிந்து, யார் ஆண் யார் பெண் என்று தெரியாமல், கைமாற்றிக் கைமாற்றிக் கற்களைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். கூடையைத் தலையிலிருந்து இறக்கிவைத்துவிட்டு ஒரு பெருத்த மனிதர் முன்னால் வந்தார். வயிற்றை வைத்துத்தான் அவரைத் தலைவர் என்று அடையாளம் காண முடிந்தது.

“வா தங்கச்சி,” என்றார் தளபதியிடம். “தப்பா எடுத்துக்காத. சொல்லி அனுப்பணும்னுதான் நெனச்சேன், அனுப்ப ஒரு கை மிச்சமில்ல. முந்தாநாள் மலை தும்மிடுச்சு.”

“யாருக்காவது அடியா அண்ணே?”

“ஆளுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாரும் களத்தக் கூட்டிப் பெருக்கப் போயிருந்தோம். ஆயுதக்கிடங்குதான் அப்படியே உக்காந்துடுச்சு. வாளெல்லாம் பாம்பு மாதிரி சுருண்டு கெடக்கு. அதுகூடப் போகட்டும். கிடங்கோட பின்சுவருதான் ரொட்டிச் சூளைக்கும் சுவரு. ஊருக்கு இருக்கறது ஒரே சூளை.”

தளபதி இடிந்து கிடந்த இடத்தைப் பார்த்தார். பனிக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, அந்த உயரத்தில் சூளை இல்லாத ஊர் பனிக்காலத்தைக் கடப்பது நடக்காத காரியம். அவர் வாளை உறையோடு கழற்றித் தரையில் வைத்தார். பின்னால் நின்ற அணி முழுவதும் அதையே செய்தது.

“ஆயுதம் இல்லாதவங்கள அடிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல,” என்றார். “மொதல்ல சுவரு. சண்டைய அடுத்த வருஷம் வச்சுக்கலாம்.”

எதிர்ச்சரிவுக்காரர்களில் பலர் அழுதார்கள். இந்தப் பக்கம் அழுகை வந்தது கண்ணாடிக்கு மட்டும்தான். அதன் காரணம் வேறு.

“அடுத்த வருஷமாம்,” என்றாள் கயிற்றுக்காரனிடம்.

“கேட்டுச்சு.”

“நீ அப்ப மேல இருப்ப.”

“பனியில உக்காந்து கயிறு திரிச்சுக்கிட்டு இருப்பேன். விரலு விழாம இருந்தா.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு தெருவில் நடமாடிக்கொண்டிருந்த கூட்டத்தை ஒருமுறை கண்ணால் அளந்தாள். “சண்டை நின்னா கோபமும் நிக்கணும்னு சட்டமா என்ன? ஊரு முழுக்க எதிரிங்க. கோபம் வந்து ஓங்கி ஒரு அடி குடுக்க ஒருத்தர்கூடவா இருக்க மாட்டாங்க?”

“நீ வாயத் தெறந்தா எனக்கே வருது. முயற்சி பண்ணிப் பாரு.”

அன்று முதல் கண்ணாடி கேடயத்தைக் கையிலிருந்து இறக்காமல் ஊரைச் சுற்றினாள். முதலில் தலைவரிடம் போனாள். கிடங்கு இடிந்ததற்கு மலையைக் குறை சொல்ல வேண்டாம், உங்கள் வயிறு அதன்மேல் சாய்ந்திருக்கும் என்றாள். தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்து, அதை நான்கு பேரைக் கூப்பிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். அடுத்து, போர்க்களத்தில் பார்த்தாலே பயம் வரும் வில்காரி ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றிருந்தாள்.

“உன் பிள்ளை ஏன் இவ்வளவு அசிங்கமா இருக்கு?” என்றாள் கண்ணாடி, கேடயத்தை மார்புக்கு உயர்த்தியபடி.

“அவங்கப்பா மாதிரி,” என்றாள் வில்காரி. “கொஞ்சம் புடிச்சுக்கோ, கை கடுக்குது.”

வெகுநேரம் வரை அவள் திரும்பி வரவில்லை. கேடயத்தில் குழந்தையைக் கிடத்தித் தாலாட்டிக்கொண்டு கண்ணாடி நடுத்தெருவில் நின்றதைப் பார்த்த கயிற்றுக்காரன், பக்கத்துச் சந்துக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

நன்றியுணர்வு ஊரைத் தொற்றுநோய் போல் பிடித்திருந்தது. எதைச் சொன்னாலும் சிரித்தார்கள். எதற்கும் சிரிக்காதவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். பிளவு மூடும் நாள் நெருங்க நெருங்க அவளுடைய வசைகள் தரம் குறைந்துகொண்டே வந்தன. கடைசியாக அவளைக் கொத்தனாரிடம் சித்தாளாக விட்டார்கள்.

கொத்தனார் ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனிதர். ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் மெல்லத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்பார். பிடித்திருந்தால் வைப்பார், இல்லையென்றால் மன்னிப்புக் கேட்பது போல் ஓரமாகப் படுக்க வைப்பார். சாந்துச் சட்டிகள் எல்லாம் இடிபாட்டில் நொறுங்கிப் போயிருந்ததால் கண்ணாடி தன் கேடயத்தை மல்லாத்தி அதில் சாந்து சுமந்தாள். அதிலும் ஒரு நோக்கம் இருந்தது: கேடயம் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

“உங்க சுவரு கோணலா இருக்கு,” என்றாள்.

அவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். “நேராத்தான்மா இருக்கு. உனக்குக் கண்ணு களைச்சிருக்கும். செத்த உக்காரு.”

“உங்க வீட்டுக்காரம்மா சுட்ட ரொட்டிய மென்னு என் தாடையே கழண்டுபோச்சு.”

“அவளும் அதத்தான் சொல்லிப் பொலம்புனா. இது தற்காலிக அடுப்பு, சூடு பத்தல. நாளைக்கு உனக்கு மட்டும் மெல்லிசா சுடச் சொல்றேன்.”

“உங்க மீசை...”

“எடுத்துடலாம்னு நானே யோசிச்சேன். நீ சொல்றது சரிதான்.”

கண்ணாடி குனிந்து சாந்தைக் கையால் பிசையத் தொடங்கினாள். சாந்தில் இருந்த சுண்ணாம்பு அவள் விரல்களை அரித்திருப்பதைக் கவனித்து, கொத்தனார் தம்முடைய தோல் கையுறைகளைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அதன் பிறகு அவர் வெறுங்கையால் வேலை செய்தார். இதைவிட அவர் ஓர் அறை விட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் பிளவு மூடிவிடும். உச்சி வேளையில் சுவர் தோளளவுக்கும் மேல் உயர்ந்திருந்தது. எல்லாரும் சாப்பிடப் போன பிறகும் கண்ணாடி மட்டும் அங்கேயே நின்றாள். காரியம் கைகூடாது என்பது அவளுக்குத் தெளிவாகிவிட்டது. நல்ல மனிதர் ஒருவரை நாள் முழுவதும் குத்திக்காட்டியதுதான் மிச்சம். கிளம்புவதற்கு முன் அவருக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று நினைத்துச் சுவரைப் பார்த்தாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆங்காங்கே உள்ளங்கை அகலத்தில் ஓட்டைகள் இருந்தன. பாவம், அவசரத்தில் விட்டுவிட்டார்.

அவளுடைய சரிவில் வீடுகளைக் கட்டுவதில்லை, பாறைக்குள் குடைவார்கள். அங்கே வீசும் காற்றுக்குப் பல் உண்டு. ஊசி நுழையும் ஓட்டை இருந்தாலும் உள்ளே புகுந்து தூங்குபவரின் காதைக் கடித்துவிட்டுப் போகும். அதனால் குழந்தைகள் நடக்கக் கற்பதற்கு முன்பே விரிசலில் கம்பளி திணிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். விருந்தாளியாகப் போன வீட்டில் ஓட்டை ஒன்றைக் கண்டும் அடைக்காமல் திரும்புவது, சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து போவதற்குச் சமம். கண்ணாடி அந்த ஓட்டைகளைப் பார்த்ததும் அவளுடைய கை தானாக வேலையைத் தொடங்கிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. கல்சில்லுகளைப் பொறுக்கினாள், சாந்தை அள்ளினாள், கரணையின் பிடியால் இடித்து இடித்து இறுக்கினாள். ஒன்றுவிடாமல் அடைத்து, மேலே விரலால் தடவி, அங்கே ஓட்டை இருந்த சுவடே தெரியாமல் மெழுகினாள். அந்த வாரம் முழுவதிலும் அவள் மனதார மகிழ்ந்து செய்த வேலை அது ஒன்றுதான்.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் நேரே கிடங்கின் முன்புறம் போனார்கள். அன்று உத்தரம் ஏற்ற வேண்டியிருந்தது. கொத்தனாரும் அங்கேதான் நின்றார். பின்சுவரை யாரும் பார்க்கவில்லை. உத்தரம் ஏறி உட்கார்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. கண்ணாடியும் கயிற்றுக்காரனும் தெருவோரக் கல்லில் உட்கார்ந்தார்கள்.

“மேல போனா எனக்கு என்ன கொண்டுவருவ?” என்றாள்.

“மேல பனியும் பாறையும்தான் இருக்கு. எது வேணும்?”

“பாறையே கொண்டா. உன் தலைக்குத் துணையா இருக்கும்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மலை மூச்சை உள்ளிழுத்தது. தரை மெதுவாக உப்பியது. தெருவின் கதவுகள் வழக்கம் போல் ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டன. பின்சுவர் மட்டும் வயிறு முட்டச் சாப்பிட்டவன் பெல்ட்டை இறுக்கியது போல் ஒரு கணம் தவித்தது; நடுவில் புடைத்தது; பிறகு அடுக்கடுக்காக, நிதானமாக, ஒரு கல்லைக்கூட மிச்சம் வைக்காமல் சூளைமேல் சரிந்தது.

தூசி அடங்கியது. கொத்தனார் கல்குவியலுக்கு அருகே போய்க் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். அதில் சாந்து பூசிய சில்லு ஒன்று ஒட்டியிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யாரு?” என்றார்.

“நான்தான்,” என்றாள் கண்ணாடி. “ஓட்டையா இருந்துச்சு. அடைச்சேன்.”

“அடைச்ச.”

“நல்லாத்தான் அடைச்சேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் தவிர்த்திருக்கலாம். கொத்தனாரின் காது நுனியில் தொடங்கிய சிவப்பு கழுத்துவரை இறங்கியதை ஊரே பார்த்தது. அவர் சுத்தியலை எடுத்தார். இத்தனை நாள் கல்லைக் கேட்டு அனுமதி வாங்கித் தட்டிய சுத்தியல் அது. இப்போது யாரிடமும் எதையும் கேட்கும் நிலையில் அவர் இல்லை.

கண்ணாடி ஓடினாள். அந்த மலைத்தொடரின் போர்மரபு முழுவதையும் மறந்து, தெருவில் ஓடும் கோழியைப் போல் ஓடினாள். தண்ணீர்த் தொட்டியை ஒருமுறை சுற்றினாள், விறகுக் குவியலைத் தாண்டினாள், தலைவரின் வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்தாள். தலைவர் மரியாதையோடு ஒதுங்கிக்கொண்டார்.

“அடியே, கோபம்டி,” என்று கத்தினான் கயிற்றுக்காரன். “உண்மையான கோபம். கேடயத்த எடு.”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேடயம் சுவரருகே, சாந்து நிறைந்து, சட்டியாகவே கிடந்தது. அதை எடுக்கக் கொத்தனாரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் திரும்பினாள். அவருடைய கைக்குக் கீழே குனிந்து பாய்ந்து, கேடயத்தை இரு கைகளாலும் பற்றித் தலைக்கு மேல் தூக்கினாள். அதிலிருந்த சாந்து முழுவதும் அவள்மேல் கொட்டியது. கண் தெரியவில்லை. அடி விழுந்த ஓசை மட்டும் கேட்டது. மலையின் மறுபக்கம் வரை போய்த் திரும்பி வந்தது அது.

தளபதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கேடயத்தை வாங்கிச் சாந்தைத் துடைத்தார். நடுவில் ஒரு ரொட்டித் துண்டை வைக்கும் அளவுக்கு ஆழமான ஒடுக்கு.

“எதிரியோட கை. சரி. கேடயம் இவ கையில. அதுவும் சரி.” அவர் கொத்தனாரின் பக்கம் திரும்பினார். “வழக்கப்படி கேக்கணும், கேக்கறேன். அடிச்சப்ப உமக்கு உண்மையாவே கோபமா?”

“கோபமாவா?” என்றார் கொத்தனார். “ஒவ்வொரு கல்லையும் காதுகிட்ட வச்சுக் கேட்டுக் கேட்டு வச்சேன். மலை மூச்சு இழுக்கறப்ப சுவரு எங்க போகும்? நகர எடம் வேணாமா? உங்க மூக்க ரெண்டு பக்கமும் சாந்து போட்டு அடைச்சா எப்படி இருக்கும்? நல்லா அடைச்சாளாம்ல, நல்லா. இத்தன வருஷத்துல என் சுவரு ஒண்ணுகூட விழுந்ததில்ல. மலை தும்மி விழுந்தது எங்க தாத்தா கட்டுன சுவரு.”

“எங்க ஊர்ல ஓட்டைய அடைக்கிறதுதான் மரியாதை,” என்றாள் கண்ணாடி, சாந்துக்குள்ளிருந்து.

“எங்க ஊர்ல அதுக்குப் பேரு கொலை.”

“செல்லும்,” என்றார் தளபதி.

இரு சரிவுக்காரர்களும் சேர்ந்து எழுப்பிய கூச்சலில் வில்காரியின் குழந்தை விழித்துக்கொண்டது. கயிற்றுக்காரன் கண்ணாடியைத் தூக்க முயன்றான். சாந்தோடு சேர்ந்து அவள் கனத்ததால் பாதியில் இறக்கிவிட்டான். ஈட்டிக்காரி ஓடிவந்து, இனி எதில் பார்த்துத் தலை வாருவது என்று கேட்டாள். கொத்தனார் தம் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார், கேடயத்தைப் பார்த்தார், என்ன நடந்துவிட்டது என்பது அப்போதுதான் புரிந்தவராய்க் கல்குவியல்மேல் உட்கார்ந்தார்.

“அப்ப நான் இவளுக்கு...”

“ஒடுக்கண்ணன்,” என்றார் தலைவர். “கல்யாணத்துக்கு நல்ல சட்டையா பாத்துப் போட்டுக்க.”

“நான் போக மாட்டேன். சுவரு கெடக்குது பாருங்க.”

எல்லாரும் பார்த்தார்கள். சிரிப்பு சிறிது குறைந்தது. காலையில் மலை மூச்சு விடும்போது படை கிளம்பியாக வேண்டும். மாலைக்குள் பிளவு மூடிவிடும். கைகள் பாதியாகக் குறைந்த பிறகு, விழுந்த சுவரைப் பனிக்கு முன் எழுப்புவது எளிதல்ல. கண்ணாடி முகத்திலிருந்த சாந்தை வழித்துக் கீழே எறிந்தாள்.

“நான் வரல பெரியம்மா,” என்றாள். “நான் தள்ளுன சுவரு. நானே கல்லு சொமக்கறேன்.”

“பிளவு மூடிடும். ஒரு வருஷம் இங்கதான் கெடக்கணும்.”

“கெடக்கறேன்.”

“அப்ப இவன்?”

“இவன எதுக்குக் கேக்கறீங்க,” என்றான் கயிற்றுக்காரன். “இவ இங்க இருந்தா நான் அங்க போய் யாரக் கட்டிக்கறது? கல்லு தூக்கக் கயிறு வேணும்னு காலையிலேர்ந்து கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க.”

தளபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “உச்சிக்காவலுக்கு வேற ஆள அனுப்பிக்கறேன். கேடயத்த எந்தச் சரிவுல மாட்டுறியோ அந்தப் பக்கம்தான் நிக்கணும். அது தெரியும்ல? அடுத்த வருஷம் எங்களுக்கு எதிரா நிப்ப.”

“தெரியும்.”

“உன்னத் தேடி வந்து நானே அடிப்பேன்.”

“கோபம் வருமா பெரியம்மா?”

“இப்பவே வந்துடுச்சு.” சொல்லிக்கொண்டே அவள் காதருகே காய்ந்துகொண்டிருந்த சாந்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். “உங்கம்மாகிட்ட நான் என்னடி சொல்லுவேன்?”

“ஒடுக்கு விழுந்துடுச்சுன்னு மொதல்ல சொல்லுங்க. தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவாங்க. அந்தச் சத்தத்துல மத்தத மெதுவா சொல்லிடுங்க.”

காலையில் படை கிளம்பிப் போனது. பிளவு மூடும்வரை தளபதி நான்கு முறை திரும்பிப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். பார்க்கவே இல்லை என்று அவர் சாதித்தார்.

சுவர் எழும்பும்வரை கொத்தனார் கண்ணாடியிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. “சாந்து வேணும்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு,” என்பார் பக்கத்தில் யாரும் இல்லாதபோதும். ஒவ்வோர் ஓட்டையையும் விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்ப்பார். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். மாலைகளில் மலை மூச்சிழுக்கும்போது கற்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்ந்து உட்காருவதை அவள் நின்று பார்த்தாள். சுவர் விழவில்லை. முதல் பனி விழுந்த அன்று சூளையில் நெருப்பு மூட்டினார்கள். கொத்தனாரின் மனைவி முதல் ரொட்டியைக் கண்ணாடியிடம் கொடுத்து, “இத மெல்லு, தாடை கழண்டா அப்புறம் மாட்டிக்கலாம்,” என்றார்.

சூளைக்குப் பக்கத்தில், அந்தச் சுவரையே ஒரு பக்கமாகக் கொண்ட அறையை இருவருக்கும் கொடுத்தார்கள். கல்யாணத்தன்று ஊர் முழுவதும் அந்த அறைக்குள் நுழைய முயன்று, பாதிப் பேர் தெருவில் நின்றார்கள். கொத்தனார் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கைகளைக் கட்டியபடி, முன்வரிசையில் தம் உரிமைப்படி உட்கார்ந்திருந்தார். மணப்பெண்தான் முளை அடிக்க வேண்டும். கண்ணாடி சுவரை நிதானமாகப் பார்த்து ஓர் இடத்தைத் தேர்ந்தாள், அடித்தாள், கேடயத்தை மாட்டினாள். எல்லாரும் ஆரவாரித்தார்கள்.

கொத்தனார் எழுந்தார். ஆரவாரம் அடங்கியது. அவர் சுவரருகே போய் ஒரே விரலால் கேடயத்தின் விளிம்பைத் தூக்கிப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே, கேடயம் முழுதாக மூடிய இடத்தில், அவர் விட்டிருந்த ஓட்டைகளிலேயே பெரியது இருந்தது.

“இது தானா அமைஞ்சுதா?” என்று அவளிடமே கேட்டார்.

“காத்து வருது அண்ணே.”

“வரட்டும்.”

“குளிருது.”

“அதான் ரெண்டு பேரு இருக்கீங்கல்ல.”

தெருவில் நின்றவர்களுக்கு என்ன சொன்னார் என்று கேட்கவில்லை; உள்ளே சிரித்தவர்கள் அதை வெளியே கடத்தினார்கள், சிரிப்பு வாசலைத் தாண்டி வரிசை வரிசையாகப் போனது. கொத்தனார் கேடயத்தை இறக்கிக் கயிற்றுக்காரனிடம் கொடுத்து, முளையைப் பிடுங்கி, ஒரு சாண் தள்ளிச் சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்டுவிட்டு, அங்கே அடித்தார். பிறகு நகர்ந்து நின்று, கேடயத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி கயிற்றுக்காரனிடம் கையை நீட்டினார்.